ஸ்டேடினுக்குப் பதில் சிவப்பு ஈஸ்ட் அரிசி, இசப்கோல், பூண்டு மாத்திரை: எது எவ்வளவு இறக்கும்?

தெற்குவாசல்

வயது 47, ஆண். போன வாரம் வெறும் வயிற்றில் எடுத்த ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்ட்ரால் 242, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 162, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 38, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 210. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 5.9. பிரஷர் கிடையாது, சிகரெட் கிடையாது, நெஞ்சுவலி எதுவும் வந்ததில்லை. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் வகை மாத்திரையான ரோசுவாஸ்டேடின் 10 மி.கி. எழுதியிருக்கிறார், இன்னும் ஆரம்பிக்கவில்லை. மூன்று மாதம் இயற்கை வழியில் முயன்றுவிட்டு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று யோசனை.

ஆன்லைன் கூடையில் இப்போது இருப்பவை: சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூல் 600 மி.கி. (தினம் இரண்டு), மீன் எண்ணெய் 1000 மி.கி., பூண்டு எண்ணெய் கேப்சூல், மஞ்சள் சாறும் மிளகுச் சாறும் சேர்ந்த மாத்திரை. இதுபோக வீட்டில் மருதம்பட்டைத் தூள், வெந்தயம், இசப்கோல் இருக்கின்றன.

எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போடலாம்? எல்லாவற்றையும் ஒன்றாகச் சாப்பிட்டால் ஒன்றுக்கொன்று சண்டை போடுமா? அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

மாத்திரைப்பெட்டி

சிவப்பு ஈஸ்ட் அரிசியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அது ஸ்டேடினுக்கு மாற்று கிடையாது சார், அதுவே ஸ்டேடின்தான். மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வேகவைத்த அரிசியில் வளர்த்தால் அரிசி ரத்தச் சிவப்பாகும். சீனாவில் உணவுக்கு நிறம் ஏற்ற நெடுங்காலமாகப் பயன்படுவது இது. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் பொருள்களில் ஒன்று மோனகோலின் கே. ஜப்பானிய உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோ 1979இல் அதைப் பிரித்தெடுத்தார். ஏறக்குறைய அதே சமயம் அமெரிக்காவில் வேறொரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1987இல் லோவாஸ்டேடின் என்ற பெயரில் மருந்தாக அனுமதி பெற்றதும் இதே மூலக்கூறுதான். அணுவுக்கு அணு ஒன்று. கல்லீரலில் அது தடுப்பதும் அதே நொதியை. ஆகவே ஸ்டேடினில் வரக்கூடிய தசைவலி, கல்லீரல் நொதி ஏற்றம் எல்லாம் இதிலும் வரலாம். ஸ்டேடினுக்குப் பயந்து இதற்குப் போவது, வாசல் வழி வேண்டாம் என்று அதே வீட்டுக்குள் ஜன்னல் வழியாக இறங்குவது மாதிரி.

சரி, ஸ்டேடின் என்றே வைத்துக்கொண்டு சாப்பிடலாமே என்றால், அங்கேதான் இரண்டு கோளாறு.

ஒன்று, அளவு. டப்பாவில் 600 மி.கி. என்று இருப்பது அரிசித் தூளின் எடை, அதற்குள் மோனகோலின் எவ்வளவு என்பது வேறு கணக்கு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கக் கடைகளில் விற்ற 28 பிராண்டுகளைச் சோதித்தார்கள். இரண்டில் மோனகோலின் ஒன்றுமே இல்லை. மீதியில் குறைந்ததற்கும் கூடியதற்கும் 60 மடங்குக்கு மேல் வித்தியாசம். எதிலுமே அளவு அச்சிடப்படவில்லை. அச்சிட்டால் அது அனுமதி பெறாத மருந்து என்று அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பிடித்துக்கொள்ளும் என்பதும் ஒரு காரணம். தினம் 3 முதல் 10 மி.கி. மோனகோலின் உள்ளே போனால் எல்டிஎல் 15 முதல் 25% வரை இறங்கும். உங்கள் டப்பாவில் 0.1 மி.கி. இருக்கிறதா, 5 மி.கி. இருக்கிறதா என்று சொல்ல ஆளில்லை. ஒரு டப்பா முடிந்து அடுத்த டப்பா வாங்கினால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து.

இரண்டு, சிட்ரினின். சரியான வகை, சரியான வெப்பநிலை இல்லாமல் வளர்த்தால் அதே பூஞ்சை இந்தச் சிறுநீரக நஞ்சையும் சேர்த்து உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்குக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024 மார்ச்சில் ஜப்பானில் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, அதில் இருந்தது சிட்ரினின்கூட இல்லை. தயாரிப்பின்போது புகுந்துவிட்ட வேறொரு பூஞ்சையின் பியூபருலிக் அமிலம். தரக்கட்டுப்பாட்டுக்குப் பேர்போன நாட்டிலேயே இப்படி.

ஐரோப்பாவில் 2022 ஜூனில் வந்த விதிப்படி ஒரு நாள் அளவில் 3 மி.கி.க்குக் குறைவான மோனகோலின்தான் இருக்கலாம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், 70 கடந்தவர்கள் சாப்பிடக் கூடாது, கொலஸ்ட்ரால் மருந்தோடு சேர்க்கக் கூடாது என்று டப்பாவிலேயே எழுத வேண்டும்.

சண்டை போடுமா என்று கேட்டீர்கள். மோனகோலினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை முடக்கும் மருந்துகள் நம் ஊரில் சர்வசாதாரணம். படர்தாமரைக்கு எழுதும் இட்ராகோனசோல், தொண்டைப் புண்ணுக்குத் தரும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் மூன்றுமே அந்த வகை. லோவாஸ்டேடின் சாப்பிடுபவருக்கு இட்ராகோனசோல் எழுதவே கூடாது. உங்கள் சீட்டில் லோவாஸ்டேடின் இருந்தால் மருந்துக்கடையிலாவது யாராவது நிறுத்துவார்கள். 'அரிசி கேப்சூல்' என்றால் யாரும் கேட்கப் போவதில்லை, நீங்களும் சொல்லப் போவதில்லை. தசை கரைந்து சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போகும் நிலை இப்படிப்பட்ட கூட்டணியில்தான் வரும். கிரேப்ஃப்ரூட் ஜூஸுக்கும் இதே குணம் உண்டு.

மாப்பிள்ளைச் சம்பா மாதிரி சிவப்பரிசிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அந்தச் சிவப்பு தவிட்டின் நிறம், மோனகோலின் அதில் இல்லை. இந்தக் குழப்பத்தோடு அரிசி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுப்படித்தராசு

உங்க வீட்டுல ஏற்கெனவே இருக்கிறதுலயே நல்ல சரக்கு இசப்கோல்தாங்க. கூடையில இருக்கிற நாலையும் தள்ளிட்டு இதைச் சரியா சாப்பிட்டாலே போதும். ஆனா 'ராத்திரி ஒரு ஸ்பூன்' கணக்கு மலச்சிக்கலுக்கானது, கொலஸ்ட்ராலுக்கு அது காணாது.

தேவையான அளவு நாளைக்கு 10 கிராம் உமி. கிச்சன் தராசுல ஒரு தடவை எடை போட்டுப் பாருங்க. உமி ரொம்ப லேசு, தலைதட்டின ஒரு மேசைக்கரண்டிக்கு 5 கிராம் வரும், டீஸ்பூன்ல அள்ளினா 2 கிராம்கூட தேறாது. நைஸா அரைச்ச தூளா இருந்தா அதே கரண்டியில எடை கூடும். அதனால கரண்டிக் கணக்கை நம்பாதீங்க. ஆரஞ்சு ஃபிளேவர் பாக்கெட்டு வாங்கினா பின்பக்கத்தைப் படிங்க. சிலதுல பாதி சர்க்கரை. உங்க ட்ரைகிளிசரைடு 210, அது வேண்டாம். கேப்சூலும் வேண்டாம். ஒண்ணுல அரை கிராம்னா நாளைக்கு இருபது முழுங்கணும்.

சாப்பிடுற முறை: முதல் வாரம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி 3 கிராம் மட்டும். ரெண்டாவது வாரம் காலையில 3, ராத்திரி 3. மூணாவது வாரத்துல இருந்து 5, 5. ஒரேயடியா பத்துல ஆரம்பிச்சா வயிறு உப்பி, காத்துப் பிரிஞ்சு, நாலாம் நாளே டப்பா பரண்மேல போயிடும். ஒரு முழு டம்ளர், அதாவது 250 மில்லி தண்ணியில கலக்கினதும் உடனே குடிக்கணும். ரெண்டு நிமிஷம் விட்டீங்கன்னா கூழாயிடும். உமியை வாயில போட்டுத் தண்ணி குடிக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கு, அது ஆபத்து. தொண்டையில ஊறி அடைச்சு ஆஸ்பத்திரியில எடுக்க வேண்டி வரும். விழுங்கச் சிரமம் இருக்கிறவங்க, குடல் அடைப்பு வந்தவங்க இதைத் தொடவே கூடாது. படுக்கப் போற நேரத்துலயும் வேண்டாம்.

மத்த மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. தைராக்சின் மாத்திரைன்னா நாலு மணி நேரம். அந்தக் கூழ் மருந்தையும் சேர்த்துச் சுருட்டிக்கிட்டுப் போயிடும். கொலஸ்ட்ரால் இறங்குறதும் இந்தச் சுருட்டலாலதான். குடல்ல இருக்கிற பித்த அமிலத்தை மலத்தோட வெளியேத்தும், கல்லீரல் புதுப் பித்தம் செய்ய ரத்தத்துல இருந்து எல்டிஎல்லை இழுத்துக்கும்.

எவ்வளவு இறங்கும்? ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா நாளைக்கு 10 கிராமுக்குச் சராசரி 13 மி.கி. 162ல இருந்து 149ன்னு வெச்சுக்கோங்க. பெருசு இல்லைதான். ஆனா நிச்சயமானது, ஸ்டேடினோட சேர்த்தாலும் வேலை செய்யும். ஸ்டேடின் அளவை இரட்டிப்பாக்கினா கூடுதலா 6%தான் இறங்கும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, இசப்கோல் சேர்த்தாலே அந்த அளவு கிடைச்சிடுது.

சாப்பாட்டாலயே ரொம்ப தூரம் போன ஆய்வு டொராண்டோவுல டேவிட் ஜென்கின்ஸ் குழு செஞ்சது, 2003ல வந்தது. நாலு விஷயத்தை ஒண்ணா சேர்த்தாங்க: பசைத்தன்மையுள்ள நார், சோயா புரதம், பாதாம், தாவர ஸ்டீரால் (கொலஸ்ட்ரால் மாதிரியே இருக்கிற தாவரப் பொருள்). ஒரு மாசத்துல எல்டிஎல் 28.6% இறங்குச்சு. பக்கத்துல லோவாஸ்டேடின் 20 மி.கி. எடுத்தவங்களுக்கு 30.9%. கேட்கவே ஜோரா இருக்குல்ல? ஆனா அந்த ஒரு மாசம் சாப்பாடு முழுக்க அவங்களே எடை போட்டுக் கொடுத்தது. வீட்டுல நீங்களே சமைச்சுக்கோங்கன்னு சொல்லி ஆறு மாசம் பார்த்தப்ப, 2011 ஆய்வுல, 13-14%தான் நின்னுச்சு. நம்ம கணக்குக்கு இந்த ரெண்டாவது நம்பரைத்தான் எடுத்துக்கணும்.

2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு அதை நம்ம அடுப்படிக்கு மாத்தினா இப்படி வரும். இசப்கோல் 10 கிராம். காய்ச்சாத ஓட்ஸ் 75 கிராம், அதுல பீட்டா குளுக்கான்ங்கிற பசை நார் 3 கிராம் கிடைக்கும். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுல பாதி அளவு ஓட்ஸும் முழு அளவு உப்பும்தான் இருக்கும், சாதா ஓட்ஸ் வாங்கி உப்புமாவோ அடையோ செய்யுங்க. ஓட்ஸ் பிடிக்காட்டி பார்லி அரிசிக் கஞ்சி, ஆனா கஞ்சித் தண்ணியை மட்டும் வடிச்சுக் குடிச்சா போதாது, அரிசியையும் சாப்பிடணும். வெண்டைக்காய், கத்திரிக்காய் ரெண்டும் அந்த டொராண்டோ சாப்பாட்டுலயே இருந்துச்சு. பாதாம் 28 கிராம், எண்ணினா 23 வரும். மீல்மேக்கர் உலர்ந்தது 50 கிராம் போட்டா புரதம் 26 கிராம், மீதிக்குச் சோயாப் பால் இல்லேன்னா டோஃபு. தாவர ஸ்டீரால் மட்டும் சமையல்ல கிடைக்காது. நாளைக்கு 2 கிராம் வேணும், சாதாரணச் சாப்பாட்டுல அரை கிராம்கூட தேறாது. அதைத் தனியாத்தான் வாங்கணும், ரெண்டு வேளைச் சாப்பாட்டோடயே எடுக்கணும். வெறும் வயித்துல எடுத்தா வீண். அது 8-10% வரை இறக்கும்.

கடைசியா எண்ணெய். தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில 11-12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, நாள் முழுக்க 22 கிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு. செக்குல ஆட்டினாலும் மெஷின்ல ஆட்டினாலும் கொழுப்பு அமிலம் மாறாது. ரேஷன் பாமாயில்ல பாதி நிறைவுற்றது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய்க்கு மாறினா அதுக்கே எல்டிஎல் கொஞ்சம் இறங்கும். இதை விட்டுட்டு மாத்திரை தேடுறவங்கதான் ஜாஸ்தி.

வேர்ப்பட்டை

மீதி இருப்பவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பூண்டு. ஸ்டான்ஃபோர்டில் 2007இல் பச்சைப் பூண்டு, பூண்டுத் தூள் மாத்திரை, பதப்படுத்திய சாறு மூன்றையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்டிஎல் அசையவில்லை. 2022இல் வெளியான 'ஸ்போர்ட்' என்ற ஆய்வில் ரோசுவாஸ்டேடின் 5 மி.கி.யையும், மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆறையும் தனித்தனியாக, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். ரோசுவாஸ்டேடின் 37.9% இறக்கியது. ஆறில் ஒன்றுகூட வெறும் மாத்திரையைத் தாண்டவில்லை. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டால் பூண்டு எடுத்தவர்களுக்கு எல்டிஎல் 7.8% ஏறியது. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டேடினை முதலில் விற்ற நிறுவனம், காலமும் 28 நாள்தான். இரண்டும் குறைதான். ஆனால் அந்த 28 நாளில் ஸ்டேடின் காட்டிய வித்தியாசத்தை எந்தக் குறையாலும் மறைக்க முடியாது. பூண்டை ரசத்தில் போடுங்கள், கேப்சூல் வேண்டாம்.

மீன் எண்ணெய். இது எல்டிஎல்லுக்கான பொருளே இல்லை, ட்ரைகிளிசரைடுக்கானது. அதற்கும் அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகளான ஈபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்ந்து நாளைக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும். '1000 மி.கி.' என்பது எண்ணெயின் எடை. பின்பக்கம் பார்த்தால் பெரும்பாலும் ஈபிஏ 180, டிஎச்ஏ 120 என்றிருக்கும், ஆக 300. நாலு கிராமுக்குப் பதின்மூன்று கேப்சூல். டிஎச்ஏ கூடினால் சிலருக்கு எல்டிஎல் ஏறவும் செய்யும். உங்கள் 210க்கு இது தேவையில்லை. இனிப்பு, வெள்ளைச் சோறு, மது குறைந்தாலே இறங்கும் அளவு அது.

குக்குலு என்ற மரப்பிசின் உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் அடுத்ததாக யாராவது சொல்லத்தான் போகிறார்கள். லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் அதிலிருந்து குக்குலிப்பிட் என்ற மருந்தே உருவாக்கி இங்கே விற்பனைக்கும் வந்தது. 2003இல் அமெரிக்காவில் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது எல்டிஎல் 4-5% ஏறியது, சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பும் வந்தது. நம் ஊர்ச் சரக்கு என்பதற்காகச் சலுகை கொடுக்க முடியவில்லை.

மருதம்பட்டையில் கையில் இருப்பவை சின்னச் சின்ன ஆய்வுகள்தான். கஷாயம் குடிப்பதில் பெரிய கெடுதல் தெரியவில்லை, அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடுவதில்தான் கெடுதல்.

வெந்தயம் விஷயத்தில் அளவை யாரும் பார்ப்பதில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகளில் நாளைக்கு 25 கிராம், சிலவற்றில் 100 கிராம். இரவில் ஊறவைக்கும் ஒரு டீஸ்பூன் 4 கிராம். ஊறவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வெந்தயத்தைத் தொட்டியில் கொட்டுபவர்கள், நாரையெல்லாம் செம்பருத்திச் செடிக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

பெர்பெரின், இதுவும் உங்கள் பட்டியலில் இல்லாத தாவரப் பொருள். இது ஓரளவு நிஜமாகவே வேலை செய்யும் பொருள். 2004இல் சீன ஆய்வு ஒன்றில் 500 மி.கி. வீதம் இரண்டு வேளை, மூன்று மாதத்தில் 25% இறங்கியது. பின்னால் வந்த தொகுப்பாய்வுகளில் அது 15-25 மி.கி. அளவுக்குச் சுருங்கிவிட்டது. மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ பலருக்கு வரும். மாத்திரைப்பெட்டி சொன்ன அதே கல்லீரல் நொதியை இது தானே முடக்கும், ஆகவே மற்ற மருந்து சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது, பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை மூளைவரை போகும் அபாயம் உண்டு. மரமஞ்சளில் பெர்பெரின் இருக்கிறது என்று நாட்டுமருந்துக் கடையில் தூள் வாங்குவதும் வேண்டாம். எத்தனை கிராமில் எத்தனை மி.கி. என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.

மஞ்சளும் மிளகும் சேர்ந்த மாத்திரையைத்தான் உங்கள் கூடையில் நான் முதலில் எடுத்திருப்பேன். குழம்பு மஞ்சளில் பயமில்லை. மிளகின் பைப்பரின் சேர்த்து உறிஞ்சுதலைப் பல மடங்கு ஏற்றிய மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறார்கள். எல்டிஎல்லுக்குப் பயனும் இல்லை.

ஆறுமுகநேரி_உப்பு

குறுக்கே ஒரு கேள்வி. எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் ஒவ்வொரு கப், காய்ச்சி நாலு கப்பை மூணாக்கி, மூணு கப் தேன் கலந்து தினம் ஒரு மேசைக்கரண்டி. அடைப்பே கரையும், பைபாஸே வேண்டாம் என்று குடும்ப குரூப்பில் மாதம் ஒருமுறை வருகிறதே, அது?

அடுப்படித்தராசு

காய்ச்சினதும் பூண்டோட அல்லிசின்ங்கிற நெடிச் சத்து போச்சு. பாதிக்குப் பாதி தேன், ஒரு கரண்டியில 8 கிராமுக்குக் குறையாம சர்க்கரை. ட்ரைகிளிசரைடு 210 இருக்கிறவருக்கு அதுதான் பரிசு. கால்சியம் படிஞ்ச ரத்தக்குழாய் அடைப்பை எலுமிச்சையும் வினிகரும் கரைக்காது. ரத்தத்துக்குள்ள போறதுக்குள்ள அந்தப் புளிப்பெல்லாம் சமன் ஆகிடும். நேரா நாக்குல விட்டுக் குடிச்சா பல் எனாமல் மட்டும் நிச்சயமா கரையும்.

தெற்குவாசல்

எல்லோருக்கும் நன்றி. கூடையைக் காலி செய்துவிட்டேன். இசப்கோல், ஓட்ஸ், எண்ணெய் மாற்றம் மட்டும் மூன்று மாதம் செய்துவிட்டு அப்புறம் மாத்திரையைப் பற்றி யோசிப்பது சரியா? தசைவலி பயம் இன்னும் போகவில்லை.

லேப்கோட்

கணக்கைப் போட்டால் பதில் தானே வரும்.

இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டியில் அபாயம் குறைந்தவருக்கு எல்டிஎல் 100க்குக் கீழ், அபாயம் அதிகமுள்ளவருக்கு 70க்குக் கீழ், மிக அதிகமென்றால் 55க்குக் கீழ். 162லிருந்து 100க்கு வர 38% இறங்க வேண்டும். 70க்கு 57%. சாப்பாடு, இசப்கோல், ஸ்டீரால் மூன்றையும் ஒழுங்காகச் செய்து 20% கிடைத்தால் 130. அங்கேயே நிற்கும்.

உங்கள் ரிப்போர்ட்டில் எல்டிஎல் மட்டும் பிரச்சினை இல்லை. மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்தால் 204 வருகிறது, அது 130க்குக் கீழ் இருக்க வேண்டும். எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 210, எச்பிஏ1சி 5.9 மூன்றும் சேர்ந்து வந்தால் சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது என்று பொருள். இடுப்பளவு குறைந்தால் மூன்றும் சேர்ந்து நகரும்.

மூன்று மாதம் பொறுக்கலாமா? உங்கள் நிலையில் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பொறுப்பதில் தப்பில்லை. எல்டிஎல் 190க்கு மேல், ஏற்கெனவே சர்க்கரை நோய், ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் இவர்களுக்கு இந்தப் பொறுத்துப்பார்க்கும் பேச்சே கிடையாது, மருந்தும் சாப்பாடும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் எழுதவில்லை.

இந்த இடைவெளியில் இரண்டு டெஸ்ட். தைராய்டுக்கான டிஎஸ்எச் கட்டாயம். தைராய்டு குறைவாகச் சுரந்தால் எல்டிஎல் ஏறும், அதைச் சரி செய்தாலே இறங்கும், அதைக் கவனிக்காமல் ஸ்டேடின் ஆரம்பித்தால் தசைவலியும் வரும். லிப்போபுரோட்டீன் ஏ என்ற, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகளை ஆயுசுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். அது பரம்பரை, சாப்பாட்டால் மாறாது, கூடுதலாக இருந்தால் பொறுத்துப்பார்க்கும் பேச்சை விட்டுவிடலாம். முடிவெடுக்கக் குழப்பமாக இருந்தால் இதயக் கால்சியம் ஸ்கேன் கேட்கலாம். பூஜ்யம் வந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு.

தசைவலிக்கு வருகிறேன். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸ்டேடினால் உடம்பு படுத்துகிறது என்று நிறுத்திய 60 பேரை எடுத்தார்கள். பன்னிரண்டு பாட்டில், நாலில் அட்டோர்வாஸ்டேடின் 20, நாலில் வெறும் மாத்திரை, நாலு காலி, மாதம் ஒன்றாகக் கலைத்துக் கொடுத்தார்கள். ஸ்டேடின் மாதத்தில் வந்த தொந்தரவில் 90% வெறும் மாத்திரை மாதத்திலும் வந்தது. வலி பொய்யில்லை, அந்த மருந்தால் வந்ததில்லை என்பதுதான் முடிவு. பாதிப் பேர் திரும்ப ஆரம்பித்தார்கள். நிஜமாகவே மருந்தால் வருபவர்களும் உண்டு. அப்படியானால் சிகே என்ற தசை நொதியை ரத்தத்தில் பாருங்கள். இயல்பின் உச்சவரம்பைப் போல் பத்து மடங்கு தாண்டினாலோ, சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி.

இன்னொன்று கேட்க வேண்டியது: 10க்குப் பதில் 5 மி.கி.யில் ஆரம்பிக்கலாமா என்று. ஆசியர்களின் ரத்தத்தில் ரோசுவாஸ்டேடின் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிற்பதால் அமெரிக்க லேபிளே ஆசியர்களுக்கு 5 என்கிறது. 162லிருந்து 38% போனால் 100. அதோடு இசப்கோல் சேர்ந்தால் 90க்குப் பக்கம். ஸ்டேடினால் சர்க்கரை ஏறும் என்பது சிறிய அளவில் உண்மை, முக்கியமாக 5.9ல் நிற்பவருக்கு. அதனால் எச்பிஏ1சியையும் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்டிஎல் 39 மி.கி. இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒன்று குறைகிறது என்பதோடு வைத்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

ஸ்டேடின் சுத்தமாக ஒத்துக்கொள்ளாதவருக்கும் வழி உண்டு. எசெட்டிமைப் 10 மி.கி. 18-20% இறக்கும். பெம்பிடோயிக் அமிலம் 180 மி.கி. இன்னும் கொஞ்சம், அதை இயக்கிவிடும் நொதி தசையில் இல்லாததால் தசை தப்பிக்கிறது. யூரிக் அமிலம் ஏறும், கௌட் (யூரிக் அமில மூட்டுவலி) உள்ளவர் கவனிக்க வேண்டும்.

மாத்திரைப்பெட்டி

செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோசுவாஸ்டேடின் பேடன்ட் போய் எத்தனையோ வருடமான மாத்திரை, ஜன் ஔஷதியில் இன்னும் மலிவு. கூடையில் நீங்கள் வைத்திருந்த நாலு டப்பாவின் விலையில் பல மாத மாத்திரை வந்துவிடும். ரோசுவாஸ்டேடினைக் காலை, இரவு எப்போது வேண்டுமானாலும் போடலாம், இரவுதான் என்ற கட்டாயம் சிம்வாஸ்டேடின் காலத்தது. இசப்கோலுக்கு அந்த இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். அல்சருக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த சிரப் குடிப்பவரானால் மாத்திரைக்குப் பிறகு அதற்கும் இரண்டு மணி நேரம்.

தெற்குவாசல்

5 மி.கி. பற்றிக் கேட்கிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, எப்படி?

லேப்கோட்

சாப்பாட்டு முயற்சி என்றால் 12 வாரம். மருந்து ஆரம்பித்தால் 6 முதல் 8 வாரம். அதே லேப், 12 மணி நேரப் பட்டினி, தண்ணீர் குடிக்கலாம், முந்தின நாள் கல்யாண விருந்தோ மதுவோ வேண்டாம். காய்ச்சல் வந்திருந்தால் நாலைந்து வாரம் தள்ளிப்போடுங்கள், அப்போது எல்டிஎல் பொய்யாகக் குறைந்து காட்டும். ட்ரைகிளிசரைடு 400 தாண்டினால் கணக்குப் போட்டு எழுதும் எல்டிஎல் செல்லாது, நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.

டிஎஸ்எச்சுக்குக் கொடுக்கும்போது இன்னொன்று. முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு வாருங்கள். பல லேப் மெஷின்களில் அது டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டும்.